வளைவு மரம் சொன்ன சாட்சி

எனக்கு வாய் ஜாஸ்தி. ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. ரேஷன் கடையில் தராசு சரியில்லை என்று வரிசையையே நிறுத்தியிருக்கிறேன். சில்லறை தராமல் நழுவிய கண்டக்டரைப் பஸ் நிலையம்வரை விடாமல் கேட்டிருக்கிறேன். "இந்த வாய வெச்சிக்கினு எந்த வூட்ல போயி குப்ப கொட்டப் போறியோ" என்று அம்மா அடிக்கடி தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா மட்டும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. என் வாய்க்கு அவர் ஒரு வேலை வைத்திருந்தார்.

அந்த வேலை புளி ஏலம். எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம், கள்ளக்குறிச்சிக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவுக்கு இருந்ததெல்லாம் சாலையோரப் புளியமரங்கள். அதுவும் சொந்தம் இல்லை, குத்தகை. சாலையின் இரண்டு பக்கமும் நிற்கிற மரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பூவிலிருந்து காவல் காத்து, மாசி பங்குனியில் ஆள் விட்டு உலுக்கி, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து விற்றுக்கொள்ளலாம். உலுக்குவதற்கு மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். உச்சிக்கிளை வரைக்கும் ஏறி நின்று காலால் உதைப்பார்கள், கீழே நிற்கிறவர்கள் தலையில் புளி மழையாகக் கொட்டும். கொட்டை எடுப்பது எங்கள் தெருப் பெண்களின் வேலை. அந்த மாதங்களில் தெருவே புளித்துக் கிடக்கும்.

ஏலத்துக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல்வரை, பட்டுப்போன மரம் கணக்கில் சேருமா சேராதா, காற்றில் விழுந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் நான் கேட்பேன். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஏலம் விட வந்த அதிகாரி ஒருமுறை எரிச்சலாகி, "இன்னாய்யா, கையோட வக்கீலயும் கூட்டிக்கினு வந்துட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "வக்கீலுக்கு எங்க போயி படிக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

அப்போது நான் எட்டாவது. அன்றிலிருந்து வீட்டில் அது முடிவான விஷயம். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. கருவேப்பிலை வாங்கி வா என்பதுபோல, வக்கீலுக்குப் படி என்பதும் எங்கள் வீட்டுச் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினேன். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்றால் அவ்வளவுதான் சொல்லலாம். எனக்கு அடக்கம் வராது: தாலுகாவில் கணக்கு, அறிவியல் எடுத்துப் படித்தவர்களையெல்லாம் மொத்த மார்க்கில் தாண்டியிருந்தேன். சென்னையில் சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷப் படிப்புக்கு இடமும் கிடைத்தது. சட்டக் கல்லூரிச் சேர்க்கை அந்த நாட்களில் மற்ற கல்லூரிகளுக்கெல்லாம் பின்னால்தான் வரும். ஐப்பசியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரி ஃபீஸ் கம்மிதான். ஹாஸ்டலும் சாப்பாடும் செங்கல் செங்கலாக இருந்த சட்டப் புத்தகங்களும்தான் எங்களுக்கு எட்டாதவை. முதல் வருஷத்துக்கு வரப்போகிற மாசிப் புளியைக் காட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடலாம் என்றார் அப்பா. ஆனால் புளியமரத்தை நம்பி ஐந்து வருஷம் படிக்க முடியாது. ஒரு வருஷம் கொட்டித் தீர்த்தால் மறு வருஷம் கையை விரித்துவிடும், அதன் சுபாவம் அப்படி. அதனால் பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒரு ஸ்காலர்ஷிப்புக்கும் எழுதிப் போட்டேன்.

கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளை அது. தாலுகாவிலிருந்து தொழிற்படிப்புக்குப் போகிற ஒரே ஒருவருக்கு, படித்து முடிக்கும்வரை எல்லாச் செலவும். வருஷா வருஷம் ஒரு பாடத்தில்கூடத் தவறாமல் தேற வேண்டும், தவறினால் அத்தோடு நின்றுவிடும். நேர்முகத்துக்கு வருகிறவர்களில் மார்க் யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் என்பது விதி. விதியைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. போய் நின்றால் போதும், எனக்குத்தான் என்று நினைத்தேன். போய் நிற்பதுதான் பெரும்பாடு ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

இங்கே எங்கள் வளைவு மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் குத்தகை முடிகிற இடத்தில் சாலை ஒரு வளைவு வளையும். அந்த வளைவில் நின்ற மரத்தின் பிஞ்சை ஒடித்தால் உள்ளே வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பாக இருக்கும். மற்ற மரங்களின் பிஞ்செல்லாம் உள்ளேயும் பச்சைதான். மலையேறும் வழியில் எங்கும் அப்படி வேறொரு மரம் கிடையாது என்று மலைக்காரர்களே சொல்வார்கள். பழுத்த பிறகு எல்லாப் புளியும் ஒரே நிறமாகிவிடும் என்பதால், பிஞ்சைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சிவப்பு தெரியும். பார்த்தவர்களும் அதிகம் பேர் கிடையாது. காரணம், அப்பா யாரையும் பிஞ்சில் கை வைக்க விடமாட்டார். ஆடு மாடு ஓட்டுகிற பிள்ளைகள் ஒரு கொத்துப் பறித்தால்கூட விரட்டிக்கொண்டு ஓடுவார். பிஞ்சைப் பறிக்கிறவன் என் வீட்டுச் சோற்றில் கை வைக்கிறவன் என்பார். புளிக் குத்தகைக்காரர் வீட்டில் பிறந்தும், புளியம்பிஞ்சு அரைத்த தொக்கை நான் அதுவரை நாக்கில் வைத்ததில்லை.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்த சமயத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. வட மாவட்டங்கள் முழுக்க ஒரு வாரம் வண்டி ஓடவில்லை. சாலையெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வேறு ஊர்களில் அந்த வாரம் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அந்தத் துக்கங்களை எழுத வேண்டியவர்கள் வேறு. எனக்குத் தெரிந்தது ஒரு சாலை மட்டும், அதை மட்டும் எழுதுகிறேன்.

என் அண்ணன் மறியலில் முன்னால் நின்றவன். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்பதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மரம் என்று வந்தபோதுதான் அவன் புத்தி வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு ஊரே கோடாலியோடு கிளம்பியது. "நம்ம குத்தகை மரத்துல கை வெக்காதீங்கடா. அந்தாண்ட தள்ளிப் போயி வெட்டுங்க" என்று எல்லாரையும் அப்பாவின் மைல்கல்லைத் தாண்டி அழைத்துப் போயிருக்கிறான். அங்கே இருந்தது அடுத்த ஊர்க்காரர் குத்தகை மரங்கள். அடுத்த ஊர்ப் பையன்களும் சும்மா இல்லை. அவர்களும் தங்கள் ஊர்க்காரர் மரத்தை விட்டுவிட்டு, கொல்லைப்பக்க வழியாக வந்து எங்கள் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவரவர் மரத்தைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பியவர்களுக்கு அவரவர் மரமே குறுக்கே கிடந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அப்பா வளைவில் இருந்தார்.

வளைவு மரமும் விழுந்திருந்தது. அப்பா கத்தவில்லை. கொஞ்ச நேரம் அடிமரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் பார்த்து, "கூட எடுத்துக்கினு வாங்க. பிஞ்சு வாடறதுக்குள்ள பறிச்சிடலாம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா கையால் பிஞ்சு பறித்துப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாக மெதுவாகப் பறித்தார். அண்ணன் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பறித்த பிஞ்சைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். பச்சை மிளகாயும் உப்பும் மஞ்சளும் வைத்து இடித்த தொக்கு அன்று எல்லா வீட்டிலும் இருந்தது.

மரம் போனதும் வியாபாரியின் முன்பணமும் போனது. பழுக்காத புளிக்கு யார் காசு கொடுப்பார்கள்? இனி அந்த ஸ்காலர்ஷிப் ஒன்றுதான். அது இல்லையென்றால் சென்னை இல்லை, வக்கீல் இல்லை, அம்மா சொன்ன ஏதோ ஒரு வீட்டில் போய்க் குப்பை கொட்ட வேண்டியதுதான்.

நேர்முகத் தேதி அந்த மறியல் வாரத்தின் நடுவில் விழுந்தது. காலை பத்து மணிக்கு, கள்ளக்குறிச்சியில் அறக்கட்டளைத் தலைவரின் அரிசி ஆலையில். பஸ் இல்லை. விடிந்ததும் சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். அண்ணன் சைக்கிளோடு வாசலில் நின்றான். மரம் விழுந்ததிலிருந்து நான் அவனிடம் பேசவில்லை.

"ஏறு பாப்பா. மரம் வெட்டனவன்தான் மரத்த தாண்டி வுடணும்" என்றான்.

அம்மா ஒரு துணிப்பையில் வளைவு மரத்துப் பிஞ்சை நிரப்பிக் கொடுத்தாள். ஒருத்தர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் நல்லதோ கெட்டதோ, ஒரு முருங்கைக்காயாவது கையில் இருக்க வேண்டும். "அது வீடு இல்லம்மா, ரைஸ் மில்லு" என்றேன். "மில்லுக்காரருக்கு வூடு இல்லியா?" என்றாள். மறுத்துப் பேச நேரம் இல்லாததால் வாங்கிக்கொண்டேன்.

மரம் வந்தால் இறங்குவோம். அண்ணன் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறுவான், நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து வருவேன். மறுபடி சைக்கிள், மறுபடி மரம். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் ஒரு கும்பல் நிற்கும். எங்கள் ஊர் எல்லைவரை அண்ணன் முகம் செல்லுபடியானது. அதற்கப்புறம் என் வாய்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க? வண்டி வாசி எதுவும் போவக் கூடாது. சைக்கிளும்தான்."

"நீங்க எதுக்குண்ணா மறியல் பண்றீங்க?"

"படிப்புல எடம் கேட்டு."

"எனக்கு எடம் கெடச்சிருச்சி. சட்டக் கல்லூரியில. போயி சேர்றதுக்கு ஸ்காலர்ஷிப் கேக்கப் போறேன். எடம் கேக்கறவங்களே எடம் கெடச்சவள மறிச்சா, நாளைக்கு உங்கள யாரு நம்புவாங்க?"

மறித்து நின்ற பையன் கொஞ்சம் யோசித்தான். "நல்லா பேசறியே" என்றான். பிறகு இரண்டு பேர் வந்து அண்ணனோடு சேர்ந்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்கள். அடுத்த எல்லையிலும் இதையே சொன்னேன், கொஞ்சம் மெருகேற்றி. கள்ளக்குறிச்சி நெருங்குவதற்குள் எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது, அண்ணனுக்கும்தான். கடைசிக் கும்பலிடம் அவனே பேசினான், நான் சும்மா நின்றேன். அவன் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில்தான் போனது.

பத்து மணிக்கு முன்பே ஆலை வாசலில் நின்றோம். கேட் பூட்டியிருந்தது. களத்தில் நெல் இல்லை, ஆள் இல்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, விசாரித்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கே போனோம். கதவைத் திறந்தது அவர் மனைவி. முகத்தில் மஞ்சள் பூசிய, நிதானமான அம்மா.

"அவரு இல்லியே கண்ணு. தாலுக்கா ஆபீசுல சமாதானக் கூட்டம்னு கூட்டிக்கினு போயிட்டாங்க. இன்னிக்கு இன்டர்வ்யூ எதுவும் இல்லன்னு சொன்னாரே" என்றார். எங்கள் கால்களைப் பார்த்தார். இலையும் சேறும் ஒட்டி முழங்கால்வரை கீறியிருந்தது. "நடந்தா வந்தீங்க?"

"மரத்தத் தாண்டித் தாண்டி வந்தோம்ங்க. நான் வந்தேன்னு மட்டும் ஐயாகிட்ட சொல்லிடுங்கம்மா."

சொல்கிறேன் என்றார். மோர் கொடுத்தார். துணிப்பையை நீட்டினேன். ஒரு பிஞ்சை ஒடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, உள்ள இப்பிடிச் செவந்து கெடக்குது?" என்று ஆச்சரியப்பட்டார். வளைவு மரத்தைப் பற்றிச் சொன்னேன். பையைக் காலி செய்து திருப்பித் தரும்போது அதில் கொஞ்சம் பொட்டுக்கடலை போட்டுக் கொடுத்தார். வெறும் பையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர் வீட்டிலும் இருந்த பழக்கம்தான்.

மறு தேதிக் கடிதம் வரும் என்று காத்திருந்தேன். மறியல் முடிந்து மரங்களை அறுத்து ஒதுக்கி பஸ் விட்ட பிறகும் தபால் பைகள் எங்கெங்கோ தேங்கிக் கிடந்தன. கடிதம் ஒரு வழியாக என் கையில் வந்தது. பிரித்துப் பார்த்தால், சொன்ன தேதி முந்தின நாள்.

அழுதேன். வாயாடிகள் அழ மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா தலை வாரிவிட்டாள். அப்பா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. "ஏலத்துக்கு வராதவனுக்குத்தான மரம் இல்ல? நீதான் போனியே" என்றார்.

அழுகை அங்கேயே நின்றது. அவர் சொன்னது ஆறுதல் இல்லை, அது ஒரு வாதம். அதுவும் நல்ல வாதம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அப்பாவும் அண்ணனும் கூட வந்தார்கள். ஆலையில் விசாரித்தபோது, கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் தலைவர் வீட்டில் இருப்பதாகவும், அன்று மத்தியானம் பெயரை முடிவு செய்யப் போவதாகவும் சொன்னார்கள். போனபோது அவர்கள் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர், இன்னொரு ஆலைக்காரர், கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் பெயர் எடுத்திருந்த ஒரு வக்கீல். சாப்பிடுகிற நேரத்தில் போய் நிற்பது மரியாதை இல்லை என்று அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் படியேறிவிட்டேன்.

தலைவர் கோபப்படவில்லை, நல்ல மனிதர்தான். "இன்னாம்மா நீ, முந்தா நாளு வர்றத வுட்டுட்டு இப்ப வந்து நிக்கற. அன்னிக்கி ரெண்டு பேரு வந்தாங்க. இஞ்சினீயரிங் போற பையனுக்குக் குடுக்கலாம்னு பேசிக்கினு இருக்கோம்" என்றார்.

"கடுதாசி லேட்டா வந்துச்சிங்க ஐயா. ஆனா அதப் பத்திப் பேச வரல. நீங்க மொத மொதல்ல குறிச்ச தேதிக்கு நான் வந்தேன். நீங்கதான் வரல."

இன்னொரு ஆலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வாரம் காக்கா குருவிகூட வரல. மேற்காலேர்ந்து நீ எப்பிடிம்மா வந்த?" என்றார் தலைவர்.

"நடந்தும் சைக்கிள்லயும் வந்தேங்க. ஆலை கேட்டு பூட்டியிருந்துச்சி."

"வந்தேன்னு யாரு வேணா சொல்லலாம். சாட்சி இருக்கா?" என்றார் வக்கீல். அவர் குரலில் கேலியில்லை. தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார், அவ்வளவுதான்.

அண்ணன் வாசலில் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். கூடப்பிறந்தவன் சாட்சி எவ்வளவு தூரம் நிற்கும் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். அந்த நேரத்தில் வக்கீலின் இலை கண்ணில் பட்டது. மோர்ச்சோறு, பக்கத்தில் ஒரு உருண்டை தொக்கு. சிவப்பாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க எலையில இருக்கறதுதாங்க சாட்சி" என்றேன்.

மூன்று பேரும் இலையைப் பார்த்தார்கள்.

"அது புளியம்பிஞ்சுத் தொக்குங்க. செவப்பா இருக்கறது மொளகாப் பொடி இல்ல. பச்ச மொளகாதான் போட்டிருப்பாங்க. பிஞ்சே செவப்பு. எங்கப்பா குத்தகையில வளைவு மரம்னு ஒண்ணு இருந்துச்சி, அந்த மரத்துக்கு மட்டும்தான் உள்ள செவப்பு. மறியல்ல வெட்டிட்டாங்க. விழுந்த மரத்துலேர்ந்து பறிச்சி, நீங்க குறிச்ச தேதிக்கு நான் கொண்டாந்து இந்த வூட்ல குடுத்தேன்."

வக்கீல் தொக்கைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார். "புளியங்கா சந்தையிலகூடக் கெடைக்கும்" என்றார். ஆனால் அவருக்கு இப்போது சுவாரசியம் வந்துவிட்டது, கண் பளபளத்தது.

"குத்தகைக்காரங்க யாரும் பிஞ்சு பறிக்க வுட மாட்டாங்கங்க. அப்பிடியே கெடச்சாலும் பச்சைதான் கெடைக்கும். சந்தேகம்னா அம்மாவக் கூப்புட்டுக் கேளுங்க. நான் எதுவும் சொல்லித் தர மாட்டேன், வாயத் தொறக்க மாட்டேன்."

"அத மட்டும் செய்ய மாட்ட" என்று அண்ணன் வாசலில் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

தலைவர் உள்ளே பார்த்து, "இந்தாம்மா, கொஞ்சம் இப்பிடி வா" என்றார். அந்த அம்மா மோர்ப் பாத்திரத்தோடு வந்தார். என்னைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. "அட, நீயா கண்ணு. காலு ஆறிப் போச்சா?" என்றார். பிறகு எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, பாத்திரத்தைக் கீழே வைத்தார். "ஐயய்யோ. இந்தப் பொண்ணு வந்துட்டுப் போனத நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே. அன்னிக்கி நீங்க தாலுக்கா ஆபீசுலேர்ந்து வரும்போதே கடுகடுன்னு வந்தீங்க. அப்பால சொல்லிக்கலாம்னு வுட்டேன், அப்பிடியே மறந்து போச்சி. மரத்தத் தாண்டித் தாண்டி வந்துச்சிங்க, காலெல்லாம் கீறிக்கினு. அந்தத் தொக்குகூட இது குடுத்த பிஞ்சுதான்."

வக்கீல்தான் முதலில் சிரித்தார். "வாதி ஆஜர், பிரதிவாதி கைர்ஹாஜர், ஆளே வரல. கோர்ட்டா இருந்தா இன்னேரம் ஒருதலைப்பட்சமா தீர்ப்பாயிருக்கும்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, "நேர்முகத்த இப்பவே வெச்சிக்கலாமா?" என்றார். தலைவர் கை கழுவ எழுந்தார். "கேள்விய நீங்களே கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

வக்கீல் கையை இலை மேலேயே வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார். "எடஒதுக்கீடு கேட்டு மரம் வெட்டறாங்க. நீ மார்க்குக்குக் குடுக்கற பணம் கேட்டு வந்து நிக்கற. இதுல எது சரி?"

"ரெண்டும் சரிங்க. ஒதுக்கீடு இருந்தா உள்ள போவ கதவு தொறக்கும். ஆனா எங்க ஊர்லேர்ந்து அந்தக் கதவுகிட்ட போயி சேரவே பஸ் காசு வேணும். மரம் வெட்டனது மட்டும் சரியில்ல. அதுல எங்கப்பாவோட மரமும் இருந்துச்சி, வெட்டனவங்கள்ல எங்கண்ணனும் இருந்தான்."

வாசலில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான் என்று அப்பா பிறகு சொன்னார்.

மார்க் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். அதில் விவாதத்துக்கே இடமில்லை. அன்று மத்தியானமே முடிவானது. அந்த இஞ்சினீயரிங் பையனின் அப்பா பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தார், அவன் படிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் என் மேல் பாவம் போட வேண்டாம்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு ஜாடியில் மீதித் தொக்கைப் போட்டுக் கொடுத்தார். "ஹாஸ்டல் சோத்துக்கு ஆவும்" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் வெறும் அடிக்கட்டைகள். வளைவு வந்ததும் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"எத்தினி வருசத்துக்குக் குடுப்பாங்க?" என்றார்.

"அஞ்சு வருசம்ப்பா. நடுவுல ஒரு பாடத்துலயும் போவக் கூடாது."

"ஒரு வருசம்கூடத் தப்பாம காய்க்கணும்னு சொல்லு." வளைவு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "அந்த மாதிரி மரம் நான் ஏலம் எடுத்ததே இல்ல. நீ எடுத்துட்ட" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பஸ்ஸிலேயே எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஹாஸ்டலில் அந்த ஜாடி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கள் அறைக்காரிகள் வழித்துத் தின்றார்கள். படிப்பு சுலபமாக இல்லை. ஆங்கிலம் உதைத்தது. முதல் வருஷம் ஒரு பாடத்தில் தவறிவிடுவேன் என்று பயந்து காய்ச்சலே வந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஊருக்கு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா நிறுத்தத்தில் நிற்பார். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "இன்னா, காய்ச்சிதா?" என்பார்.

"காய்ச்சிதுப்பா."

ஐந்து வருஷமும் அதே கேள்வி, அதே பதில். பெட்டியை அண்ணன் தூக்கிக்கொள்வான்.

கறுப்புக் கோட்டுப் போட்டு முதல் தடவையாகக் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் நான் எழுந்து பேசிய நாளில் அப்பா வந்திருந்தார். அந்த வக்கீலிடம்தான் நான் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன், வேண்டுமென்றே ஒரு சின்ன வழக்கை என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். ஒரு விவசாயியின் வரப்புத் தகராறு. கால் நடுங்கியது, வாய் நடுங்கவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வெளியே வந்தேன். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏலத்துக்கு நிற்பதுபோலவே அப்பா நின்றிருந்தார். உள்ளே நடந்தது ஒன்றும் அவருக்குக் காதில் விழுந்திருக்காது.

"இன்னா, காய்ச்சிதா?" என்றார்.

"காய்ச்சிதுப்பா" என்றேன்.